துளையில்லாப் பிரிவு

மூன்றாவது மாடியிலிருந்து இறங்கிய அந்த மரபீரோ பாதி வழி வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அதற்குப் புத்தி மாறிவிட்டது. மேலே கயிற்றைப் பிடித்திருந்தவன் துருத்தி. கீழே தோள் கொடுத்திருந்தவர் அவனுடைய அண்ணன். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்குவது இருவருக்கும் பதினெட்டு வருடத் தொழில். துருத்தி என்பது உடன் வேலை செய்தவர்கள் வைத்த பெயர். அவன் மூச்சை இழுத்துப் பிடித்தால் சட்டையின் இரண்டாவது பொத்தான் தெறிக்கும், அப்படியொரு நெஞ்சு. அன்றைக்கு அவன் கை வியர்த்திருந்தது. கயிறு ஒரு சாண் வழுக்கியது. ஒரே ஒரு சாண்தான். பீரோ அண்ணனைச் சுவரோடு வைத்து ஒருமுறை நெரித்துவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல நின்றுகொண்டது. அண்ணனின் இடது பக்கத்தில் ஆறு விலா எலும்புகள் முறிந்தன. சுள்ளி ஒடிகிற அந்தச் சத்தம் துருத்தியின் காதில் விழுந்தது.

"டேய்... கண்ணாடி உடைஞ்சுதா?" என்று கேட்டார் அண்ணன்.

"இல்லண்ணே."

"நல்லது" என்றவர் வாயில் இரத்தம் நுரைத்துக்கொண்டு வந்தது. அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மரத்திலிருந்து விழுந்தவனை மாடு மிதித்தது என்பார்கள். அண்ணனுக்கு வாய்த்த மாடு ஏழு மாடி உயரம் இருந்தது. அதன் நான்காவது மாடியில், கதவுக்கு மேலே 'துளையில்லா நுரையீரல் கண்காணிப்புத் தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று எழுதியிருந்தது. எழுத்தெல்லாம் கதவுக்குள் அடங்காமல் பக்கத்துச் சுவருக்கும் ஓடியிருந்தது. அண்ணனின் தொண்டையில் குழாய் செருகி வென்டிலேட்டரோடு இணைத்து, வாசலை ஒட்டிய முதல் படுக்கையில் போட்டார்கள். துருத்தியையும் அண்ணியையும் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்களோடு ஒரு கூடத்தில் உட்கார வைத்தார்கள். பிரிவின் இயக்குநர் வந்தார். மெலிந்த, சுத்தமான மனிதர். நகம்கூட இஸ்திரி போட்டதுபோல இருந்தது.

"எங்க பிரிவுக்கு ஒரே ஒரு கொள்கைதான். துளை போடக் கூடாது" என்று ஆரம்பித்தார். "பழைய காலத்துல நுரையீரல் எப்படி இருக்குன்னு பார்க்க நோயாளியை அஞ்சு மாடி தூக்கிட்டுப் போய் ஸ்கேன்ல போடுவாங்க. குத்துவாங்க, கிழிப்பாங்க. காட்டுமிராண்டித்தனம்! இப்போ நெஞ்சைச் சுத்தி ஒரு பெல்ட், அதுல பதினாறு பொட்டு. உள்ள காத்து போனா திரையில நீலமா மலரும். போகாத இடம் கறுப்பா இருக்கும். அவ்வளவுதான். இன்னிக்கோட முந்நூத்தி நாப்பத்தோரு நாள். இந்தப் பிரிவுல ஊசி முனை அளவுகூட ஒரு துளை விழல."

எல்லோரும் கைதட்ட வேண்டும் என்று ஒரு ஊழியர் சைகை காட்டினார். தட்டினார்கள். அண்ணி மட்டும் தட்டாமல், "ஐயா, இதுல பொழச்சுப் போனவங்க எத்தனை பேருங்க?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி" என்றார் இயக்குநர். "ஆனா அது வேற பிரிவு."

கையெழுத்துப் போட முப்பத்தொரு படிவங்கள் கொடுத்தார்கள். பதினான்காவதில், 'என் உறவினரின் நெஞ்சைத் துளைக்கும்படி எந்தச் சூழ்நிலையிலும் நான் கெஞ்ச மாட்டேன்' என்று இருந்தது. துருத்தி எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டான். அண்ணன் நெஞ்சில் பீரோவை இறக்கியவனுக்குப் படிவத்தில் குற்றம் கண்டுபிடிக்க என்ன யோக்கியதை இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது.

பிரிவுக்குள்ளே சுவரில் ஒரு பலகை. 'துளையில்லா நாட்கள்' என்று எழுதி, அதன்கீழ் எண்கள். தினமும் காலையில் இயக்குநரே ஸ்டூலில் ஏறி எண்ணை மாற்றுவார். அதற்குப் பிறகுதான் நோயாளிகளைப் பார்ப்பார். பார்ப்பது என்றால் தலைமாட்டில் இருக்கும் திரையை. கட்டிலில் கிடக்கிற ஆளின் முகத்தில் அவர் கண் விழுந்ததைத் துருத்தி ஒரு நாளும் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் காலை எக்ஸ்ரே துறைத் தலைவர் வந்தார். ஆள் நல்ல கனம். கழுத்திலிருந்து முழங்கால் வரை ஈயக் கவசம் மாட்டியிருந்தார். முன்னால் சக்கரம் வைத்த எக்ஸ்ரே இயந்திரம் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அண்ணனின் கட்டிலுக்கு நேரே நிறுத்தி, "இது யாரு நுரையீரல்?" என்று கேட்டார்.

"எங்கண்ணனோடதுங்க" என்றான் துருத்தி.

"நீ சும்மா இருப்பா. எந்தத் துறையோடதுன்னு கேக்கறேன்."

இயக்குநர் விரைந்து வந்தார். "பெல்ட் போட்ட நிமிஷத்துலேர்ந்து அது எங்க நுரையீரல்."

"படம்னு ஒண்ணு வந்துட்டா அது எங்க துறை. பெல்ட்டை நீங்களே வச்சுக்குங்க. படத்தைக் குடுங்க."

"பெல்ட் இல்லாமப் படமா?"

"படம் இல்லாமப் பெல்ட்டா? அதைப் பேன்ட்டுக்குத்தான் போடணும்."

இயக்குநர் படித்தவர். அதனால் முதலில் கையை ஓங்கவில்லை. பக்கத்து மேசையில் இருந்த அல்ட்ராசவுண்ட் இயந்திரத்தின் கைப்பிடியை, நெஞ்சின் மேல் வைத்துப் பார்ப்பார்களே, அதை வயரோடு உருவி, தலைக்கு மேல் மூன்று சுற்று சுற்றி வீசினார். அது ஈயக் கவசத்தில் பட்டு 'டங்' என்றது. எக்ஸ்ரே தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் இயந்திரத்தை நாலடி பின்னால் இழுத்து, ஓடிவந்து மோதினார். இயக்குநர் விலகிக்கொண்டார். விலகத் தெரியாத துருத்தியின் கால்மேல் இரண்டு சக்கரமும் ஏறி இறங்கின. "ஐயா, கட்டில்! கட்டில் ஆடுதுங்க!" என்று கத்திக்கொண்டு அவன் நடுவில் புகுந்தான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் அடி. இரண்டாவது சுற்றில் வந்த கைப்பிடி அவன் புருவத்தைக் கிழித்தது. ஜெல் புட்டி உடைந்து தரையெல்லாம் வழவழத்தது. அதில் இரு துறையின் ஊழியர்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தபடி வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து அடித்துக்கொண்டார்கள். எக்ஸ்ரே தலைவர் யார் காதையோ கடித்துக்கொண்டிருந்தார். இயக்குநரின் முன்பல் ஒன்று ஒன்பதாவது படுக்கைக்குக் கீழே போய் நின்றது.

அன்றைக்கு அந்த அறையில் காயம் படாதவர்கள் கட்டிலில் கிடந்த ஒன்பது பேர் மட்டும்தான். அந்த வகையில் கொள்கை காப்பாற்றப்பட்டது. குறிப்பேட்டில், 'நுரையீரல் குறித்து இரு துறைகளுக்கிடையே கருத்துப் பரிமாற்றம் நிகழ்ந்தது. பரிமாறப்பட்டவை: பல் ஒன்று, காது மடல் அரை' என்று எழுதினார்கள். துருத்தியின் பெயர் 'இடையூறுகள்' என்ற தலைப்பில் ஏறியது.

புருவத்திலிருந்து இரத்தம் ஒழுக நின்றவனைப் பிரிவின் மூத்த நர்ஸ் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனாள். வாசலில் தரையில் ஒரு மஞ்சள் கோடு.

"கோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துடுங்க. அந்தப் பக்கம் நின்னு தையல் போட்டா போர்டுல நாள் போயிடும்" என்றாள்.

"அந்த பெல்ட் மெஷினு மோசமா சிஸ்டர்?" என்று கேட்டான், ஊசி ஏறும்போது பல்லைக் கடித்துக்கொண்டு.

"மெஷினு தங்கம். உங்கண்ணனுக்கு இடது பக்கம் அடியில கறுப்பு விழுதுன்னு நேத்தே காமிச்சுது. யாரும் தூக்காம, புரட்டாம, நொடிக்கு நொடி சொல்லுது. எதுக்கு சொல்லுது? ஆளைப் பாருன்னு. இவங்க ஆளைப் படுக்கப் போட்டுட்டுப் படத்துக்கு வைத்தியம் பாக்கறாங்க." நூலை அறுத்தாள். "உங்களுக்கு வலிக்குதா?"

"எனக்கு என்ன சிஸ்டர். எனக்கு இதெல்லாம் பத்தாது" என்றான் துருத்தி.

ஐந்தாம் நாள் ஆய்வுக் குழு வருவதாக இருந்தது. அது நாட்டிலுள்ள தீவிர சிகிச்சைப் பிரிவுகளையெல்லாம் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற குழு. காலை எட்டு மணிக்கு இயக்குநர் முதல் படுக்கைக்கு வந்தார். குழு உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது அண்ணனின் திரைதான். அதில் வலது பக்கம் நீலம் மலர்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. இடது பக்கம் பாதிக்கு மேல் கறுப்பு.

"இது என்ன, திரை கெட்டுப்போச்சா?"

"இல்ல சார், ஆள் கெட்டுப்போறார்" என்றாள் நர்ஸ். "இடது பக்கம் காத்து போகல. யாராவது ஒரு டாக்டர் பார்த்து டியூப் போட்டாகணும்."

"டியூப்னா துளைதானே?"

"ஆமா சார்."

"குழு பத்து மணிக்கு வருது. துளையைப் பத்திப் பதினொண்ணுக்குப் பேசலாம்" என்று திரும்பினவரின் பார்வை, கால்மாட்டில் நின்ற துருத்தியின் நெஞ்சில் விழுந்தது. அங்கேயே தங்கியது. முதல் தடவையாக அவர் ஒரு மனிதனைப் பார்த்தார். "தம்பி, சட்டையைக் கழட்டுங்க."

அண்ணன் நெஞ்சிலிருந்து பெல்ட்டை அவிழ்த்துத் துருத்திக்கு மாட்டினார்கள். திரை முழுக்க நீலம் பொங்கியது. ஊழியர்கள் வாயைப் பிளந்தார்கள். இயக்குநரின் கண் கலங்கிவிட்டது. "இது நுரையீரல் இல்லைய்யா. கடல்" என்றார்.

துருத்தி தயங்கினான். இயக்குநர் அவன் தோளில் கை வைத்தார். "படம் சரியில்லாதவங்களைப் பழைய கட்டடத்துக்கு மாத்தச் சொல்லி உத்தரவு. அங்க வென்டிலேட்டர் நாலு. ஆள் பதினொண்ணு. உங்கண்ணன் இங்கயே இருக்கணுமா, அங்க போகணுமான்னு நீங்கதான் சொல்லணும். கட்டிலுக்கு அடியில ரெண்டு மணி நேரம் படுத்தாப் போதும்."

துருத்தி அண்ணியைப் பார்த்தான். கயிற்றை விட்டவன் அவன்தான் என்று அவள் இந்த ஐந்து நாளில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதுவே அவனைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது.

கட்டிலுக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பில் மல்லாந்து படுத்தான். வயர் மேலே போனது. மேலே படுக்கை விரிப்பு கிட்டத்தட்டத் தரை வரை தொங்கிற்று. ஒரு சாண் இடைவெளியில் செருப்பும் ஷூவும் மட்டும் தெரிந்தன. பத்து மணிக்கு ஒரு ஜோடி வெள்ளை ஷூ உள்ளே வந்தது. பின்னால் பத்துப் பதினைந்து ஜோடி. ஈயக் கவசத்தின் விளிம்பும் ஒரு ஜோடிப் பெரிய காலும் கடைசியில் வந்தன.

"வாங்க மேடம்" என்றது இயக்குநரின் குரல். "நோயாளிங்க மாறிக்கிட்டே இருப்பாங்க, மேடம். இன்னிக்கு ஒருத்தர் வருவார், நாளைக்குப் போயிடுவார். எங்க போறார்னு நாங்க கேக்கறதில்ல. படம்தான் நிரந்தரம். படத்துக்குத்தான் நாங்க பொறுப்பு."

கைதட்டல். வெள்ளை ஷூ திரைக்கு அருகில் போனது. வெகு நேரம் நின்றது. துருத்தி மூச்சைச் சீராக விட்டுக்கொண்டிருந்தான்.

"அற்புதம்" என்றார் குழுத் தலைவி. "என் அனுபவத்துல இப்படிப் பார்த்ததில்ல. ஆமா, இவ்வளவு நல்ல நுரையீரலுக்கு எதுக்கு வென்டிலேட்டர்?"

பின்னால் நின்ற ஷூக்கள் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பின.

"விதி ஏழு என்ன சொல்லுது? பத்து நிமிஷம் இடைவிடாம ரெண்டு பக்கமும் நீலமா இருந்தா குழாயை எடுத்துடணும். எடுக்காம வச்சிருக்கறது நோயாளி மேல செய்யற வன்முறை. நான் பன்னிரண்டு நிமிஷமாப் பாக்கறேன்."

இயக்குநரின் ஷூ ஓரடி பின்னால் போனதைத் துருத்தி பார்த்தான். பிறகு ஓரடி முன்னால் வந்ததையும் பார்த்தான்.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன் மேடம்" என்றார் இயக்குநர். "குழாயை எடுங்கப்பா."

"எடுக்காதீங்க!" நர்ஸின் குரல். "மேடம், திரையை விடுங்க, ஆளைப் பாருங்க. உதடெல்லாம் நீலமா இருக்கு!"

தலைவி குனிந்து பார்த்திருக்க வேண்டும். "நீலம்னா நல்லதுதானே?" என்று கேட்டார்.

அதற்கப்புறம் கால்கள் குழம்பின. நர்ஸ் கட்டிலின் தலைமாட்டை மறித்து நின்றாள். இரண்டு காவலாளிகள் அவளை இழுத்தார்கள். அண்ணி பாய்ந்து ஒரு காவலாளியின் கையைக் கடித்தாள். அவன் வீசிய அறையில் அவள் தரையில் வந்து விழுந்தாள். உதடு கிழிந்த அவள் முகம், கட்டிலுக்கு அடியில், துருத்தியின் முகத்துக்கு நேர் எதிரே வந்து நின்றது. "தம்பி" என்றாள், சத்தமே இல்லாமல்.

துருத்தி எழுந்தான். எழுந்த வேகத்தில் கட்டில் அரையடி எழும்பி இறங்கியது. சட்டையில்லாமல், நெஞ்சில் பட்டையும் வயருமாக, கர்ஜித்துக்கொண்டு வெளியே வந்தவனைப் பார்த்து ஆய்வுக் குழுவில் இருவர் அலறிக்கொண்டு கதவுக்கு ஓடினார்கள்.

"அது எங்கண்ணன் நெஞ்சு இல்லீங்க! என் நெஞ்சு! எடுத்துடாதீங்க, செத்துருவாரு!"

காவலாளிகள் நர்ஸை விட்டுவிட்டு அவன்மேல் விழுந்தார்கள். ஒருவன் தடியால் முதுகில் போட்டான். இன்னொருவன் மூக்கில் குத்தினான்.

"சொந்தக்காரர், மேடம்" என்றார் இயக்குநர். "துக்கத்துல மூளை கலங்கியிருக்கு. எங்க பிரிவுல அடிக்கடி நடக்கும்."

"படத்தை எங்க துறைகிட்ட குடுத்திருந்தா கட்டிலுக்கு அடியில ஆள் இருந்திருக்க மாட்டான் மேடம்" என்றார் எக்ஸ்ரே தலைவர்.

தலைவி கையை உயர்த்தினார். அவர் நியாயமானவர். "சொல்றதை நிரூபிக்க முடியுமா?" என்று துருத்தியைக் கேட்டார்.

மூக்கிலிருந்து இரத்தம் வாய்க்குள் இறங்கிக்கொண்டிருந்தது. "மூச்சை அடக்கறேன்" என்றான். "திரையைப் பாருங்க." அடக்கினான்.

நீலம் வடிந்தது. திரை இருண்டது. உடனே கூரையில் சிவப்பு விளக்கு சுழன்று, சங்கு ஊதியது. துருத்தி திரையைக் கை நீட்டிக் காட்டினான். பார்த்தீர்களா என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

"படம் போச்சு!" என்று அலறினார் இயக்குநர். "எல்லாரும் பெல்ட்டுக்கு ஓடுங்க!"

அது பிரிவின் இரண்டாவது விதி. படம் போய்விட்டால் பெல்ட் எங்கே இருக்கிறதோ அங்கேதான் நோயாளி. டாக்டர்கள், ஊழியர்கள், காவலாளிகள், அந்த அறையில் இருந்த அத்தனை பேரும் துருத்திமேல் பாய்ந்தார்கள். வருடத்துக்கு நான்கு முறை இதற்குப் பயிற்சி எடுத்தவர்கள், கை தவறவில்லை. இருவர் கால்களில் உட்கார்ந்தார்கள். ஒருவன் முகமூடியை வாயில் அழுத்தினான். "உயிரோட..." என்று துருத்தி ஆரம்பித்த சொல் முகமூடிக்குள்ளேயே போனது. ஒரு தடித்த டாக்டர் நெஞ்சின்மேல் இரண்டு கையையும் வைத்து, எண்ணிக்கொண்டே இடிக்க ஆரம்பித்தார். பதினொன்றாவது இடியில் சுள்ளி ஒடிந்தது. பதினேழில் இன்னொன்று. படிக்கட்டில் கேட்ட அதே சத்தம். இது தன் உடம்புக்குள்ளேயே கேட்கிறது என்பது புரியவே துருத்திக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அடிக்கு அடி நெஞ்சுக்குள் காற்று போய் வந்ததால் திரை மறுபடி நீலமானது. "வருது, வருது! நிறுத்தாதீங்க!" என்று இயக்குநர் உற்சாகப்படுத்தினார்.

அண்ணனின் கட்டிலருகே இப்போது நர்ஸும் அண்ணியும் மட்டும்தான். நர்ஸ் அந்த அல்ட்ராசவுண்ட் கைப்பிடியை எடுத்தாள். மூன்றாம் நாள் போரில் விரிசல் விட்டு, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. அதை அண்ணனின் இடது நெஞ்சில் வைத்தாள்.

"நுரையீரல் அசைஞ்சா இந்தக் கோட்டுல எறும்பு ஊர்ற மாதிரி தெரியணும்" என்றாள் அண்ணியிடம். "ஊருதா?"

"இல்லீங்களே. செத்த மாதிரி கிடக்கு."

"உள்ள காத்துக் கசிஞ்சு அடைச்சு நசுக்குது. அந்த அலமாரியில 'பஞ்சு'ன்னு எழுதின டப்பாவை எடுங்க."

டப்பாவுக்குள் பஞ்சு இல்லை. உறை பிரிக்காத தடித்த ஊசிகள் இருந்தன. நர்ஸ் விலா இடுக்கை விரலால் தடவிக் கண்டுபிடித்து, துடைத்து, ஊசியைக் குத்தி இறக்கினாள். சைக்கிள் டியூபின் வால்வைத் திருகிவிட்டதுபோல் 'உஸ்ஸ்' என்று காற்று சீறியது. ஒரு கோடு இரத்தம் விலாவில் இறங்கியது. அண்ணனின் இடது நெஞ்சு ஒருமுறை தயங்கி, மெல்ல எழும்பியது.

அந்தச் சீறல் சத்தத்தில் நெஞ்சை இடித்துக்கொண்டிருந்த டாக்டர்கூட நின்றுவிட்டார்.

"என்ன சத்தம் அது?" என்றார் இயக்குநர்.

"துளை சார்" என்றாள் நர்ஸ். "இதுல டியூப் போடணும். யாராவது ஒரு டாக்டர் எந்திரிச்சு வாங்க."

தடித்த டாக்டர் எழுந்து வந்தார். வெட்கமோ களைப்போ தெரியவில்லை, தலையைக் குனிந்துகொண்டே டியூப் போட்டார். இயக்குநர் ஸ்டூலை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனார். முந்நூற்று நாற்பத்தைந்தை எடுத்துவிட்டுப் பூஜ்யத்தை மாட்டும்போது அவர் தோள் குலுங்கியது. அந்தப் பிரிவில் ஒரு சாவுக்கும் அவர் அப்படி அழுததில்லை என்று ஊழியர்கள் பேசிக்கொண்டார்கள்.

ஆய்வுக் குழு தன் அறிக்கையில், 'படம் மிகச் சிறப்பு. நோயாளிதான் படத்துக்கு ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி நான்கு நட்சத்திரம் கொடுத்தது. ஐந்தாவது நட்சத்திரத்தைக் கெடுத்த துளையைப் பற்றி விசாரணை நடத்தச் சொன்னது.

மூன்று நாள் கழித்து, பிரிவை ஒட்டிய கூட்ட அறையில் விசாரணை. உடைந்த இரண்டு விலாவும் கட்டுமாகத் துருத்தியைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள், அவன்தான் சாட்சி. நர்ஸ் நின்றுகொண்டிருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் இயக்குநர், இந்தப் பக்கம் எக்ஸ்ரே தலைவர்.

"அந்தத் துளைக்கு யார் அனுமதி குடுத்தது?" என்றார் இயக்குநர்.

"யாரும் குடுக்கல சார்."

"அனுமதி இல்லேன்னா துளையும் இல்ல. பலகையில பழைய எண்ணையே போட்டுடலாம்."

"துளை இருக்கு சார். அது வழியாத்தான் ஆள் பொழச்சார்."

"ஆள் பொழச்சது இன்னிக்கு நிகழ்ச்சி நிரல்ல இல்ல."

எக்ஸ்ரே தலைவர் ஒரு பெரிய உறையிலிருந்து படத்தை உருவி, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அண்ணனின் நெஞ்சு. அதற்குள் வெள்ளைக் கோடாக டியூப். "இதோ துளை. எங்க துறை எடுத்த படம். துளை எங்களுக்குச் சொந்தம்."

"குடுய்யா அதை!"

"தொட்டுப் பாரு!"

இயக்குநர் மேசைமேல் ஏறித் தாவினார். படம் இரண்டாகக் கிழிந்தது. எக்ஸ்ரே தலைவர் ஈயக் கவசத்தோடு வயிற்றால் ஒரு மோது மோதினார். இயக்குநர் பறந்துபோய் மேசை விளிம்பில் விலா படும்படி விழுந்தார். விழுந்தவர் நாற்காலியைத் தூக்கினார். அதைத் தலைவரின் மண்டையில் போட்டு உடைத்தார். இரத்தம் வழிய நின்ற தலைவர் மேசை விளக்கை எடுத்தார். துருத்தி இந்த முறை நடுவில் போகவில்லை. அவனுக்குப் பாடம் ஆகியிருந்தது. நாற்காலிச் சக்கரத்தைத் திருப்பிச் சுவரோரம் ஒதுங்கிக்கொண்டான்.

மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கிய இயக்குநர், ஓங்கியபடியே நின்றுவிட்டார். வாய் திறந்தது, சொல் வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது. அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்தார்.

"பெல்ட் கொண்டு வாங்க!" என்றார் ஒருவர்.

"பெல்ட் எதுக்கு? எக்ஸ்ரே எடுங்க" என்றார் தலைவர், மண்டையைப் பிடித்துக்கொண்டு.

"எந்தத் துறைன்னு முதல்ல பதிவு பண்ணணும் சார்."

இயக்குநரின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த நர்ஸ் மேசையைச் சுற்றி வந்து முழங்காலிட்டாள். ஸ்டெதஸ்கோப்பை வலது நெஞ்சில் வைத்தாள், இடதில் வைத்தாள், மறுபடி வலதில் வைத்தாள். பையிலிருந்து ஊசியை எடுத்தாள். இயக்குநர் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். "படிவம்..." என்றார், கடைசிக் காற்றில். "படிவம்... பதினாலு..."

"இருக்கட்டும் சார்" என்று சொல்லிக் குத்தினாள்.

அண்ணனுக்கு அடுத்த படுக்கைதான் காலியாக இருந்தது. இயக்குநரை அதில் கொண்டுவந்து போட்டார்கள். மறுநாள் காலை அவர் கண் விழித்தபோது நர்ஸ் அவருடைய டியூபைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் துருத்தி அண்ணனின் கட்டிலை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அண்ணனின் தொண்டைக் குழாயை அன்று விடியற்காலையில்தான் எடுத்திருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்தபடி கிடந்தார். தம்பியிடம் இன்னும் ஒரு சொல் பேசவில்லை. பேசினால் முதலில் என்ன வரும் என்று துருத்தி பயந்துபோய் உட்கார்ந்திருந்தான்.

"சிஸ்டர்" என்றார் இயக்குநர் மெதுவாக. "எனக்குப் படம் எடுத்தீங்களா?"

"இல்ல சார். அங்க பெல்ட்டுக்குச் சண்டை நடந்துச்சு. காதால கேட்டேன், ஊசி போட்டேன்."

"அப்போ நான் பொழச்சுட்டேன்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"நீங்களே பேசறீங்களே சார்."

இயக்குநர் தலையை இல்லையென்று அசைத்தார். "நான் சொல்றதையெல்லாம் ஆதாரமா எடுத்துக்க முடியாது. நான் இப்போ நோயாளி."

பக்கத்துக் கட்டில் குலுங்கியது. அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். ஆறு விலா உடைந்தவன் சிரிப்பது சின்ன விஷயமில்லை. "ஐயோ" என்று கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டுத் துருத்திக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இரண்டு விலாவும் கத்தியாய்க் குத்த, அவனும் "ஐயோ" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். அண்ணி எழுந்து, யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் இருவருக்கும் நடுவில் நின்றாள்.

"டேய்" என்றார் அண்ணன், தேய்ந்த குரலில், கண்ணில் நீர் வழிய. "சிரிக்காதடா. எந்திரிச்சு வந்தேன்னா கொன்னே போட்டுருவேன்."